பச்சைக் குழந்தையின் அனிச்சைச் செயல்களை வீட்டில் கவனிப்பது எப்படி?

பிறந்த பிள்ளையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுக்கிப் பிடிக்கும். கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் வாயைத் திருப்பும். கதவு அடித்துச் சாத்தினால் கைகளை விரித்துத் துடிக்கும். இவற்றில் எதையும் பிள்ளை யோசித்துச் செய்வதில்லை. மூளைத்தண்டும் முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணும் தாமாகவே நடத்தும் அனிச்சைச் செயல்கள் இவை. தெறிவினை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மேல்மூளை முதிர முதிர இவற்றை அடக்கி, அதே கை கால்களைப் பிள்ளையின் விருப்பத்துக்குக் கொண்டுவருகிறது. அதனால் ஒரு தெறிவினை இருக்கிறதா என்று பார்ப்பதோடு, உரிய வயதில் அது மறைகிறதா என்றும் பார்க்க வேண்டும். பெற்றோர் பெரும்பாலும் பார்க்க மறப்பது இரண்டாவதைத்தான்.

தொடங்கும் முன்

டொக்டர் செய்யும் பரிசோதனைகளை வீட்டில் செய்ய வேண்டாம். பால் கொடுக்கும்போது, குளிப்பாட்டும்போது, நப்பி மாற்றும்போது தானாக நடப்பதைப் பார்த்தாலே போதும். பசியில் அழும் பிள்ளையிடமும் தூக்கம் சொக்கும் பிள்ளையிடமும் சரியாகத் தெரியாது. பால் குடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, விழித்து அமைதியாக இருக்கும் வேளைதான் நல்லது. கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஃபிளாட்டுகளில் இடம் குறைவுதான். இருந்தாலும் கட்டில் விளிம்பில் கிடத்தாமல், டைல்ஸ் தரையில் பாயை விரித்து மேலே ஒரு பெட்ஷீட்டை மடித்துப் போடுங்கள். உடுப்பைக் குறைத்து, கை கால்களை அசைய விடுங்கள்.

எப்போது பார்ப்பது? இங்கே 2, 4, 6, 9 மாதங்களில் கிளினிக்கில் ஊசி போடுகிறார்கள். அதற்கு முதல் நாள் பார்த்து, கண்டதை ஃபோனில் எழுதி வைத்தால் மறுநாள் மிட்வைஃபிடம் காட்டலாம். குறைமாதப் பிள்ளையென்றால் வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுங்கள். இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு 6 மாதம் ஆகும்போது, இந்தக் கணக்கில் 4 மாதம்தான்.

படி 1: வாய்

வாயோரத்தைத் தொட்டால் பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறக்கும். பால் கொடுக்கும்போது இது பெரிய உதவி. மார்பை அதன் கன்னத்திலோ உதட்டிலோ படவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருங்கள், அதுவே தேடி வரும். பலர் மறுபக்கக் கன்னத்தில் கையை வைத்து முகத்தை மார்புக்குத் தள்ளுகிறார்கள். பிள்ளை தள்ளும் கையின் பக்கமே திரும்பும், பிறகு அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து அழ வேண்டியதுதான். தேடும் இந்தச் செயல் ஏறக்குறைய 4 மாதத்தில் மங்கிவிடும்.

படி 2: கை

உங்கள் சுட்டுவிரலைச் சின்னவிரல் பக்கமாக உள்ளங்கைக்குள் நுழையுங்கள். விரல்கள் மூடிக்கொள்ளும். அந்தப் பிடியை நம்பித் தூக்கிப் பார்க்க வேண்டாம், அது எந்த நொடியும் விட்டுவிடும். இரண்டு கைகளிலும் பிடி ஒரே அளவாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இந்தப் பிடி தளர்ந்தால்தான் பிள்ளை ஒரு பொருளை விரும்பி எடுக்கவும், விரும்பி விடவும் முடியும். 4 மாதமளவில் கிலுகிலுப்பையை எட்டிப் பிடிக்கப் பார்க்கும். 6 மாதமளவில் ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றும். அதற்குள் பழைய பிடி போய்விட்டிருக்க வேண்டும். நாலு மாதம் தாண்டியும் பெருவிரலை உள்ளே மடக்கி எந்நேரமும் முட்டி பிடித்தபடி இருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்தால் வீட்டில், “பேரன் இடக்கைக்காரன்” என்று அப்பம்மா சந்தோஷப்படுவார். அந்த வயதில் அது மற்றக் கையின் பலவீனமாகவும் இருக்கலாம். ஆகவே காட்டிவிடுங்கள்.

படி 3: திடுக்கிடுதல்

எர்ன்ஸ்ட் மோரோ என்ற ஆஸ்திரியக் குழந்தை வைத்தியர் 1918 இல் விவரித்ததால் இதற்கு மோரோ தெறிவினை என்று பெயர். தலை சட்டென்று பின்னால் சரிந்தாலோ, பெரிய சத்தம் கேட்டாலோ இரண்டு கைகளும் விரியும். பிறகு கட்டிப்பிடிக்க வருவதுபோல் உள்ளே மடங்கும், பெரும்பாலும் அழுகையும் வரும். பிறந்தவுடன் வைத்தியசாலையில் டொக்டர் தலையைத் தாங்கிப் பிடித்துச் சற்றே விட்டுப் பார்ப்பார். நீங்கள் அப்படிச் செய்யக்கூடாது. காலி வீதி ஹோர்னும் கரையோர ரயிலும் ஒரு நாளில் போதிய தடவை உங்களுக்குக் காட்டித் தரும்.

பார்க்க வேண்டியது, இரண்டு கைகளும் ஒரே மாதிரி விரிகின்றனவா என்பதை. ஒரு கை அசையாமல் கிடந்தால், பிரசவத்தின்போது தோள் நரம்பு இழுபட்டிருக்கலாம், அல்லது காறை எலும்பு முறிந்திருக்கலாம். சத்தத்துக்குப் பிள்ளை அசைவதே இல்லையென்றால் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். மோரோ 3 மாதத்திலிருந்து குறையத் தொடங்கி, 6 மாதத்துக்குள் மறைய வேண்டும். அது போகாமல் நின்றால், தலை அசையும்போதெல்லாம் கைகள் விரிந்து, பிள்ளை நிலையாக உட்காரப் பழகுவது கடினமாகும்.

“பிள்ளை பயந்திட்டுது” என்று கோயிலில் நூல் கட்டிக்கொண்டு வருவது நம் வீடுகளில் வழக்கம். கட்டுங்கள், அதற்காகச் சண்டை வேண்டாம். கழுத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம். கையில் கட்டினால் தளர்வாகக் கட்டி, இறுகியிருக்கிறதா என்று தினமும் பாருங்கள். பிள்ளை மளமளவென்று வளரும்.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்கிறேன். குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பு, பார்வைக்கு மோரோ போலவே இருக்கும். பெரும்பாலும் 4 முதல் 7 மாதத்துக்குள், அதாவது மோரோ மறைய வேண்டிய வயதில் தொடங்கும். சத்தமோ அசைவோ எதுவும் இல்லாமலே தலை குனியும், கைகள் விரியும் அல்லது மடங்கும். சில நொடி இடைவெளியில் திரும்பத் திரும்ப, தொடர்ச்சியாக வரும். தூங்கி எழும்பும் நேரத்தில் அதிகம். மோரோவோ ஒரு காரணத்துக்கு ஒருமுறை வந்து அடங்கிவிடும். தொடர்ச்சியாக வருவதைக் கண்டால் ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போங்கள். அடுத்த கிளினிக் நாள் வரை வைத்திருக்கக்கூடாது. சிகிச்சை பிந்தினால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும்.

படி 4: கழுத்து

மல்லாக்கக் கிடக்கும் பிள்ளை தலையை வலப்பக்கம் திருப்பினால் வலக்கை நீளும், இடக்கை மடங்கும். வாள் சண்டைக்கு நிற்பவரின் நிலை. இரண்டாம் மாதமளவில் நன்றாகத் தெரியும், 6 மாதத்துக்குள் போய்விடும். இது போகாவிட்டால் இரண்டு கைகளையும் நடுவில் சேர்ப்பதும், கையை வாய்க்குக் கொண்டுபோவதும், புரளுவதும் தடைப்படும். தலை எப்போதும் ஒரே பக்கம் திரும்பாதபடி, கிடத்தும் திசையை மாற்றி மாற்றி வையுங்கள். இரு பக்கமும் நின்று கூப்பிடுங்கள்.

படி 5: கால்

புதிதாய்ப் பிறந்த பிள்ளையைக் கக்கத்தில் தாங்கிப் பாதம் தரையில் படப் பிடித்தால், நடப்பதுபோல் கால்களை மாற்றி மாற்றி வைக்கும். இரண்டு மாதமளவில் அது காணாமல் போகும். ‘நடந்த பிள்ளை இப்ப நடக்கேல்ல’ என்று பதறி வருபவர்கள் உண்டு.

இது ஏன் மறைகிறது என்பது சுவையான கதை. மூளை அதை அடக்கிவிடுகிறது என்றுதான் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அமெரிக்க உளவியலாளர் எஸ்தர் தீலனும் சகாக்களும் 1984 இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளின் கால்களைத் தண்ணீருக்குள் இறக்கிப் பார்த்தார்கள். குறைந்துவந்த அடிவைப்பு கூடியது. காலில் சிறிய பாரம் கட்டியபோது குறைந்தது. அதாவது முதல் மாதங்களில் காலில் கொழுப்பு வேகமாகச் சேர்கிறது, தசைப்பலம் அந்த வேகத்துக்கு வருவதில்லை. கால் கனத்துவிட்டதால் தூக்க முடியவில்லை, அவ்வளவுதான். பிள்ளை மல்லாக்கப் படுத்து உதைப்பதும் அதே அசைவுதான் என்றும் அவர் காட்டியிருந்தார். ஆகவே கால்களை இறுகச் சுற்றி வைக்காமல் உதைக்க விடுங்கள்.

நடக்கப் பழக்க அவசரம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளில் பார்த்ததில், ஆரோக்கியமான பிள்ளைகள் தனியாக நடக்கத் தொடங்கிய வயது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை பரந்திருந்தது. சக்கரம் வைத்த வோக்கர் வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது நடையை முந்தச் செய்யாது, படியில் உருண்டு விழச் செய்யும். கனடா 2004 இல் அதைத் தடையே செய்துவிட்டது.

பாதத்தில் விரல் வைத்தால் கால்விரல்கள் மடங்கிப் பிடிப்பது ஒரு வயது வரைக்கும் இருக்கலாம். நிற்கப் பழகும்போது போய்விடும்.

படி 6: புதிதாக வருபவை

மறைவதோடு சில செயல்கள் புதிதாகவும் வரும். 8, 9 மாதமளவில், முன்பக்கம் சரியும் பிள்ளை விழாமலிருக்கக் கைகளை நீட்டித் தரையில் ஊன்றும். இது ஆயுள் முழுக்கத் தங்கும். நாம் வழுக்கும்போது கையை ஊன்றுவதும் இதனால்தான்.

இதற்கெல்லாம் அடித்தளம், விழித்திருக்கும்போது குப்புறக் கிடத்துவது. பிறந்து சில நாளிலேயே தொடங்கலாம். முதலில் உங்கள் நெஞ்சின் மேல் ஒன்றிரண்டு நிமிடம், அப்புறம் பாயில், ஒரு நாளில் சில தடவை. பால் குடித்த உடனே வேண்டாம், பக்கத்தை விட்டுப் போகவும் வேண்டாம். தூங்கவைப்பது எப்போதும் மல்லாக்கத்தான்.

மறையாத தெறிவினையை ‘ஒருங்கிணைத்துத்’ தருவதாகக் கட்டண வகுப்புகளுக்கு விளம்பரம் வரும். அவை படிப்பையோ கவனத்தையோ திருத்தும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் அந்தக் காசை வைத்துக்கொண்டு, வீடியோவையும் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு கிளினிக் டொக்டரிடம் போங்கள். ஒரே ஒரு அடையாளத்தை வைத்து அவர் எதையும் முடிவு செய்யமாட்டார். தசை இறுக்கம், தலை நிற்பது, பார்வை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, தேவையென்றால் குழந்தை நரம்பியல் நிபுணருக்கோ ஃபிசியோதெரபிக்கோ கடிதம் தருவார்.