சோடா ஃபவுண்டன் பானங்கள் வீட்டிலேயே: எக் கிரீம், ஐஸ்கிரீம் சோடா, பாஸ்பேட், மால்ட்

அமெரிக்க ஊர்களின் மருந்துக்கடைகளில் ஒரு காலத்தில் நீளமான பளிங்குக் கவுண்டர் ஒன்று இருக்கும். மேலே வளைந்த கழுத்துள்ள சோடாக் குழாய்கள், பக்கத்தில் வரிசையாகச் சிரப் பம்புகள், எதிரே சுழலும் முக்காலிகள். இதுதான் சோடா ஃபவுண்டன். 1886-இல் அட்லாண்டாவின் ஜேக்கப்ஸ் மருந்துக்கடையில் கோகோ கோலாவை ஒரு கிளாஸ் 5 சென்ட்டுக்கு ஊற்றிக் கொடுத்தது இப்படியொரு கவுண்டரில்தான். 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்த ஆண்டுகளில் இந்தக் கவுண்டர்களில் கூட்டம் நெரிந்தது. பிறகு அதே பானங்கள் டைனர் எனப்படும் சிற்றுணவகங்களுக்கும் போயின.

இவற்றில் எதற்கும் அரிய பொருள் தேவையில்லை. சிரப், பால் அல்லது ஐஸ்கிரீம், சோடா, அவ்வளவுதான். ஆனாலும் வீட்டில் செய்தால் பெரும்பாலும் சப்பென்று போய்விடுகிறது. சோடாவில் உள்ள கேஸ் கிளாஸுக்கு வந்து சேர்வதற்குள் பாதி பறந்துவிடுவதுதான் காரணம். அதைக் காப்பாற்றத் தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது.

சோடா

ஒரே அழுத்தத்தில், 0 டிகிரிக்கு அருகில் இருக்கும் தண்ணீர், 20 டிகிரித் தண்ணீரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் 32 டிகிரியில் இருக்கும் சோடாவைத் திறந்து, ஐஸ்கட்டி போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் அங்கேயே ஆட்டம் முடிந்தது. திறந்த நொடியிலேயே கேஸ் கிளம்பிவிடும். மிச்சத்தை ஐஸ்கட்டியின் சொரசொரப்பான பரப்பு குமிழாக்கி விரட்டிவிடும். ஆகவே பாட்டிலை முந்தைய இரவே ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம். தண்ணீர் உறையும்போது கேஸை வெளியே தள்ளும். பாட்டில் வெடிக்கவும் கூடும். கிளாஸை மட்டும் 20 நிமிடம் ஃப்ரீசரில் வைக்கலாம். சிரப்பும் பாலும் ஃபிரிட்ஜிலிருந்து நேரே வரவேண்டும்.

கடையில் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் மட்டும் இருப்பது உத்தமம். சோடியம் பைகார்பனேட் சேர்த்த சோடா லேசாக உப்புக் கரிக்கும். புளிப்புப் பானங்களில் அமிலத்தின் ஒரு பகுதியை அது முறித்தும் விடும். டானிக் வாட்டர் கசப்பானது, இதற்கு ஆகாது. அக்கம்பக்கத்தில் கோலி சோடா கிடைக்கிறது என்றால், இனிப்பு, வாசனை கலக்காத வெறும் சோடாவாகப் பார்த்துக் குளிரவைத்துப் பயன்படுத்தலாம்.

அடிக்கடி செய்பவர்கள் ஒரு லிட்டர் சைஃபன், அதாவது வீட்டிலேயே சோடா தயாரித்துப் பீய்ச்சும் பாட்டில், வாங்கிக்கொள்வது நல்லது. குறியிட்ட அளவுவரை மட்டும் ஃபிரிட்ஜ் தண்ணீர் ஊற்றி, 8 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி ஒன்றைச் செலுத்தி, நன்றாகக் குலுக்கி, இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு எடுங்கள். விப்டு கிரீம் குப்பிகள் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும். அவற்றில் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு. அதைப் போட்டால் தண்ணீர் லேசாகத் தித்திக்குமே தவிர நாக்கில் சுள்ளென்று ஏறாது.

பழைய சோடாக் குழாயின் கைப்பிடி இரண்டு விதமாகத் திறக்கும். ஒன்றில் கிளாஸை நிரப்பும் அகலமான நீரோட்டம். மற்றதில் சிரப்பைக் கலக்கவும் நுரை எழுப்பவும் ஊசி போன்ற வேகமான பீய்ச்சல். வீட்டில் இந்த இரண்டையும் பாட்டிலைப் பிடிக்கும் விதத்தாலேயே கொண்டுவரலாம். நுரை வேண்டுமென்றால் ஒரு சாண் உயரத்திலிருந்து நடுவில் ஊற்றுங்கள். கேஸ் நிற்கவேண்டுமென்றால் கிளாஸைச் சாய்த்து, உள்சுவரை ஒட்டி ஊற்றுங்கள்.

கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ ஒட்டியிருந்தால் நுரை எழுந்த வேகத்தில் அடங்கிவிடும். சாம்பார் கிண்ணம் தேய்த்த ஸ்பாஞ்சால் இந்தக் கிளாஸைத் தேய்க்காதீர்கள்.

சாக்லேட் சிரப்

சர்க்கரை 250 கிராம், இனிப்பில்லாத கோகோ தூள் 60 கிராம், உப்பு கால் டீஸ்பூன். இவற்றை உலர்ந்த நிலையிலேயே நன்றாகக் கலந்துவிடுங்கள். சர்க்கரைப் பரல்கள் கோகோவைப் பிரித்துவைப்பதால் கட்டி விழாது. 240 மில்லி தண்ணீரை முதலில் சிறிது ஊற்றிக் குழைத்து, பிறகு மீதியைச் சேருங்கள். பொங்கும் பண்டம் இது. பாத்திரம் பெரியதாக இருக்கட்டும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, கிண்டியபடியே 3 நிமிடம் வைத்து இறக்கி வடிகட்டுங்கள். சூடாக இருக்கும்போது நீர்த்திருக்கும். ஆறினால் கெட்டிப்படும் என்பதால் அவசரப்பட்டு மேலும் காய்ச்சவேண்டாம். ஆறியபின் வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன். மூடிய கண்ணாடிப் பாட்டிலில் ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் நன்றாக இருக்கும்.

சாக்லேட் கட்டியை உருக்கிச் சேர்க்கும் ஆசை வரும். சேர்க்காதீர்கள். கோகோ வெண்ணெய் குளிர்ந்த சோடாவில் உறைந்து துகள்துகளாகும். அந்தக் கொழுப்பு நுரையையும் உடைக்கும்.

பழச் சிரப்புக்கு அடுப்பே வேண்டாம். 300 கிராம் ஸ்ட்ராபெர்ரியை நறுக்கி, 200 கிராம் சர்க்கரையில் புரட்டி, 12 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் சாறு தானாகவே இறங்கிவிடும். உறையவைத்த பழம் இதற்கு இன்னும் நல்லது. உறைந்து இளகும்போது அதன் திசு கிழிந்து சாறு எளிதில் வெளிவருகிறது. அழுத்திப் பிழியாமல் வடிகட்டினால் தெளிவாக இருக்கும். காய்ச்சாத சிரப் ஆதலால் ஐந்து நாளில் தீர்த்துவிடவேண்டும். செர்ரிக்கும் இதே கணக்கு.

எக் கிரீம்

நியூயார்க்கின் பானம் இது, குறிப்பாக புரூக்ளின்காரர்களின் பெருமை. முட்டையும் கிடையாது, கிரீமும் கிடையாது. சாக்லேட் சிரப், பால், சோடா. மேலே இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை நுரை. அந்த நுரை வெள்ளையாக நிற்கவேண்டும் என்பதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது.

அமெரிக்காவில் ஹோல் மில்க் என்பது குறைந்தது 3.25 சதவீதக் கொழுப்புள்ள பால். நம் பாக்கெட்டுகளில் அதற்கு மிக நெருக்கமானது 3 சதவீத டோன்டு பால். 6 சதவீத ஃபுல் கிரீம் பால் ருசியானதுதான், ஆனால் நுரை கனத்துச் சீக்கிரம் படிந்துவிடும். காய்ச்சி ஆறிய பால் என்றால் ஏட்டை வடிகட்டி எடுத்துவிடுங்கள்.

1. 350 மில்லி கிளாஸில் ஐஸ்போல் குளிர்ந்த பால் 70 மில்லி ஊற்றுங்கள்.
2. சோடா 180 மில்லியை உயரத்திலிருந்து வேகமாக ஊற்றுங்கள். நுரை விளிம்பைத் தொடும்போது நிறுத்துங்கள்.
3. சிரப் 30 மில்லியை நுரையின் நடுவில் ஒரே இடத்தில் விடுங்கள். கனமானது என்பதால் நேரே அடியில் போய் உட்காரும்.
4. நீளமான ஸ்பூனை அடிவரை இறக்கி, அடியிலேயே ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, நேராக மேலே எடுத்துவிடுங்கள்.

சிரப்பை முதலில் ஊற்றுவோரும் உண்டு. அது ஒரு நீண்டகால வழக்கு. அப்படிச் செய்தால் கலப்பது எளிது, நுரையில் பழுப்பு ஏறிவிடும். வீட்டில் செய்பவர்களுக்குச் சிரப்பைக் கடைசியில் விடும் முறையே சரி என்பது எங்கள் கருத்து. நுரையே வரவில்லையென்றால் பால் போதிய குளிர்ச்சியில்லை, அல்லது கேஸ் போன சோடா. செய்தவுடன் குடித்துவிடவேண்டும், ஐந்து நிமிடம் விட்டால் அது வெறும் நீர்த்த சாக்லேட் பால்.

ஐஸ்கிரீம் சோடா

1874-இல் பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிடியூட் கண்காட்சியில் ராபர்ட் கிரீன் என்பவர் இதை விற்றார்; கண்டுபிடித்தவர் என்ற பெயருக்கு உரிமை கோரியவர்களில் முதலில் சொல்லப்படுபவர் அவர்தான்.

450 மில்லி கிளாஸில் சிரப் 45 மில்லி, பால் 30 மில்லி. இரண்டையும் நன்றாகக் கலக்குங்கள். இதன்மேல் 60 மில்லி சோடாவை வேகமாக விட்டு நுரை எழுப்புங்கள். பிறகு கிளாஸைச் சாய்த்து முக்கால் அளவுவரை மெதுவாக நிரப்புங்கள். ஐஸ்கிரீம் உருண்டையின் அடியில் சிறு வெட்டுப் போட்டு, பாதி சோடாவில் மூழ்கும்படி கிளாஸின் விளிம்பில் மாட்டுங்கள். உள்ளே தொப்பென்று போட்டால் மேசையெல்லாம் வழியும். ஐஸ்கிரீமின் பனிப்பரல்களும் காற்றுக்குமிழ்களும் கேஸை ஒரே மூச்சில் வெளியே இழுக்கும். ஐஸ்கிரீமில் உள்ள பால் புரதமும் கெட்டிப்படுத்தும் பொருளும் அந்தக் குமிழ்களை உடையவிடாமல் தாங்கும். விளிம்பில் மாட்டினால் இதே வேலை நிதானமாக நடந்து, கடைசி வாய்வரை நுரை இருக்கும்.

ஸ்கூப்பைத் தண்ணீரில் நனைத்துவிட்டு உதறாமல் எடுத்தால் உருண்டையைச் சுற்றி ஐஸ் ஓடு படியும். துணியால் ஒற்றிவிட்டு எடுங்கள்.

இதன் எளிய உறவினர் ஃப்ளோட். மலேசியத் தமிழர்களுக்கு ஏ அண்ட் டபிள்யூ கடைகளின் ரூட் பியர் ஃப்ளோட் நன்றாகவே தெரியும். ரூட் பியர் என்பது மதுவில்லாத இனிப்புச் சோடா. கிளாஸில் முதலில் பாதி பானம், பிறகு ஐஸ்கிரீம், நுரை அடங்கியபின் மீதிப் பானம். ரூட் பியர் கிடைக்காத இடத்தில் கோலாவில் செய்யலாம்.

பாஸ்பேட்

பாலில்லாத புளிப்புப் பானம். கவுண்டர்காரர்கள் ஆசிட் பாஸ்பேட் என்ற கரைசலைச் சில துளி விடுவார்கள். பாஸ்பாரிக் அமிலத்தோடு கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் உப்புகள் சேர்ந்தது அது. எலுமிச்சை போலப் பழமணம் இல்லாமல் வறண்ட, கூரிய புளிப்பு மட்டும் தரும். உணவுக்கென விற்கும் ஆசிட் பாஸ்பேட் கிடைத்தால் ஒரு கிளாஸுக்கு அரை டீஸ்பூன். தொழிற்சாலைக்கான பாஸ்பாரிக் அமிலத்தை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள்.

மாற்று வழி சிட்ரிக் அமிலம்: 10 கிராமை 90 மில்லி கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்துச் சிறு பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். செர்ரிச் சிரப் 45 மில்லி, இந்தக் கரைசல் முக்கால் டீஸ்பூன், சோடா 220 மில்லி. நுரை வேண்டாம், சாய்த்து ஊற்றி, ஒரே ஒரு முறை கலக்குங்கள். சாக்லேட் சிரப்பிலும் பாஸ்பேட் உண்டு. கேட்க விசித்திரமாக இருந்தாலும் செய்து பாருங்கள், கோகோவின் கசப்பைப் புளிப்பு அழகாகத் தூக்கிக் காட்டும்.

பாலோ ஐஸ்கிரீமோ உள்ள கிளாஸில் இந்தக் கரைசலை விடக்கூடாது. அமிலத்தன்மை ஏறி பி.எச். 4.6-ஐ நெருங்கினால் பால் திரிந்துவிடும். சோடாவின் அமிலம் வீரியம் குறைந்தது. அதைப் பால் தாங்கிக்கொள்ளும். சிட்ரிக் அமிலத்தைத் தாங்காது.

மால்ட்

ஹார்லிக்ஸின் பிறப்பிடமே இந்த உலகத்தை ஒட்டியதுதான். ஜேம்ஸ், வில்லியம் ஹார்லிக் என்ற இங்கிலாந்துச் சகோதரர்கள் விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்குமான உணவாக மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சேர்ந்த பால் பொடியைத் தயாரித்து, 1883-இல் காப்புரிமை பெற்றார்கள். சோடாக் கவுண்டர்கள் அதைப் பாலிலும் சிரப்பிலும் கலந்து விற்றன. 1922-இல் சிகாகோவின் வால்கிரீன்ஸ் கடையில் ஐவர் கூல்சன் என்ற ஊழியர் அதில் ஐஸ்கிரீமைச் சேர்த்தார். டைனர் மால்ட் அதிலிருந்து பரவியது.

எனவே நம் வீட்டு ஹார்லிக்ஸ் இதற்கு முறையான பொருள்தான். சாக்லேட் வாசனை சேர்க்காத சாதா வகையாக எடுங்கள். அதில் ஏற்கெனவே சர்க்கரை இருப்பதால் சிரப்பைக் குறைக்கவேண்டும். பேக்கிங்குக்கென விற்கும் மால்ட் தூள் வேறு பொருள், இதற்கு வேண்டாம்.

இரண்டு பேருக்கு வெனிலா ஐஸ்கிரீம் 350 கிராம், பால் 140 மில்லி, மால்ட் பொடி 40 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, சாக்லேட் சிரப் 30 மில்லி. ஐஸ்கிரீமை ஸ்கூப் கணக்கில் எடுக்காமல் நிறுத்து எடுங்கள். விலை குறைந்தவற்றில் காற்று அதிகம், மூன்று ஸ்கூப் போட்டும் ஷேக் தண்ணீராக நிற்கும். லேபிளில் ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்றிருந்தால் அது தாவரக் கொழுப்பு. வாயில் மெழுகு பூசியது போல ஒட்டும்.

ஐஸ்கிரீமை ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஆறேழு நிமிடம் வெளியே வையுங்கள். அதற்குள் பாலில் மால்ட் பொடியையும் உப்பையும் முழுதாகக் கரைத்துவிடுங்கள். பொடியை நேரே ஐஸ்கிரீம்மேல் கொட்டினால் வெளிப்புறம் நனைந்து, உள்ளே உலர்ந்த உருண்டைகளாகிவிடும். பிறகு எவ்வளவு அரைத்தாலும் கரையாது. குளிரவைத்த மிக்ஸி ஜாரில் எல்லாவற்றையும் போட்டு, விட்டுவிட்டு மொத்தம் 15 விநாடிக்கு மேல் ஓட்டாதீர்கள். டைனர்களின் ஸ்பிண்டில் மிக்சர் வெட்டாமல் அடித்துக் காற்றேற்றும். மிக்ஸி பிளேடோ வெட்டிச் சூடேற்றும். நீர்த்துவிட்டால் ஐஸ்கட்டி போடாதீர்கள், இன்னொரு ஸ்கூப் ஐஸ்கிரீம் போடுங்கள். ஸ்ட்ராவில் சற்று இழுத்தால்தான் வரவேண்டும், அதுதான் பதம்.

ஹாட் ஃபட்ஜ்

ஐஸ்கிரீம்மேல் ஊற்றியதும் இழுபடும் சாஸ். சாக்லேட் சிரப்பால் இது முடியாது. பாக்கெட் கிரீம் 160 மில்லி, லிக்விட் குளுக்கோஸ் 100 கிராம், நாட்டுச் சர்க்கரை 60 கிராம், கோகோ 25 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, நறுக்கிய டார்க் சாக்லேட் 80 கிராம். இவற்றை அடிகனமான பாத்திரத்தில் சிறுதீயில் 5 நிமிடம் கிண்டிக் கொதிக்கவிடுங்கள். இறக்கிவைத்து இன்னொரு 80 கிராம் சாக்லேட், வெண்ணெய் 30 கிராம், வெனிலா ஒரு டீஸ்பூன் சேர்த்து உருகும்வரை கலக்குங்கள்.

லிக்விட் குளுக்கோஸ் சர்க்கரை பூத்துப்போவதைத் தடுக்கிறது. அதை விட்டுவிட்டால் மறுநாள் மணல்மணலாக இருக்கும். எண்ணெய் பிரிந்தால் சூடு மீறிவிட்டது என்று பொருள். ஒரு டேபிள்ஸ்பூன் சுடுதண்ணீர் விட்டு வேகமாக அடித்தால் மீண்டும் சேர்ந்துவிடும். பத்து நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள். மீதியை ஃபிரிட்ஜில் வைத்தால் கட்டியாகிவிடும். வேண்டிய அளவு எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து இளக்கிக்கொள்ளலாம்.