‘தானாகச் சாப்பிடுவாரா?’ என்ற ஒரே கேள்வியில் தவறிய உதவித்தொகை

பக்கவாதத்தில் அண்ணனுக்கு இடப்பக்கம் விழுந்துவிட்டது. அரசின் பராமரிப்பு உதவித்தொகை கேட்டு இரண்டு தடவை விண்ணப்பித்தோம். இரண்டுக்கும் ஒரே பதில்: ‘உதவித் தேவை குறைவு’.

மருத்துவச் சான்று போதவில்லையோ என்று ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் இணைத்தேன். பலனில்லை. வருமானச் சான்றைப் புதுப்பித்தது வெறும் அலைச்சல்.

பிறகுதான் பழைய படிவத்தின் நகலை வரிவரியாகப் படித்தேன். ‘தானாகச் சாப்பிடுவாரா?’ ‘ஆம்.’ எழுதியது நானேதான்! பொய்யில்லை. ஆனால் தட்டின் இடப்பாதி அவர் கவனத்தில் விழாது. பாதி சாப்பிட்டதும் அம்மா தட்டைத் திருப்பி வைக்க வேண்டும், புரையேறாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிறர் உதவியில்லாமல் ஒருவர் எவ்வளவு செய்கிறார் என்று அளக்க 1965இல் வந்த பார்தெல் அளவுகோல், 10 அன்றாடச் செயல்களுக்கு மொத்தம் 100 மதிப்பெண் தருகிறது. அதில் ‘என்ன செய்ய முடியும்’ என்பது கணக்கில்லை, ‘என்ன செய்கிறார்’ என்பதே கணக்கு. கண்காணிக்க ஆள் வேண்டுமென்றால் அது ‘தானாக’ ஆகாது.

ஏழு நாள் நோட்டு எழுதினேன். ‘இரவு 2.10, கழிப்பறை, அம்மா தாங்கிப் பிடித்தார், 15 நிமிடம்.’ இரவுக் கணக்கைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். நோட்டைப் பார்த்து இயன்முறை சிகிச்சையாளர் அந்த அளவுகோலில் மதிப்பெண் போட்டுக் கொடுத்தார். அதோடு மூன்றாம் விண்ணப்பம்.

நேரில் பார்க்க அதிகாரி வந்தபோது, அண்ணன் வீம்பாகத் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட ஆரம்பித்தார். அம்மா கை நீட்டினார், நான் தடுத்துவிட்டேன். நாலு பொத்தானுக்கு இருபது நிமிடம். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் ஒப்புதல் வந்தது, அப்பாடா.