மாதவிடாய் வலிக்குச் சுக்கும் உளுந்தங்களியும்

மாதவிடாய் நாளில் அடிவயிறு சுருட்டிப் பிடிப்பதற்குக் காரணம், கருப்பையைச் சுருங்க வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். சுக்கு அதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஆனால் வலி முற்றிய பிறகு குடிப்பதைவிட, உதிரம் தொடங்கிய அன்றே குடிக்க ஆரம்பிப்பது நல்லது. தோல் சீவிய சுக்கைப் பொடித்து, ஒரு டம்ளர் தண்ணீருக்குக் கால் டீஸ்பூன் போட்டுக் கொதிக்க விட்டு, கருப்பட்டி சேர்த்து இறக்குங்கள். முதல் மூன்று நாளும் இரண்டு வேளை போதும். வெறும் வயிற்றில் வேண்டாம், நெஞ்சு எரியும்.

கருப்பட்டிக்குக் குமரி மாவட்டத்தில் பஞ்சமில்லை. வடசேரி சந்தையில் வாங்கும்போது ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுப் பாருங்கள், சீனிப்பாகு கலந்த கருப்பட்டியும் வருகிறது.

அப்புறம் உளுந்தங்களி. இது வலியை உடனே நிறுத்தாது. மாதம் முழுக்க வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டிய சத்துணவு. தொலி உளுந்து (தோல் நீக்காத உளுந்து) நாலு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு, வாசம் வர வறுத்துத் திரித்து வையுங்கள். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி (மண் இருக்கும்!), அது கொதிக்கும்போது மாவைத் தூவிக் கைவிடாமல் கிண்டுங்கள். நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றுங்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம்.

பள்ளிக்கே போக முடியாத வலி, மாதாமாதம் கூடும் வலி, அளவுக்கு மீறிய உதிரப்போக்கு என்றால், கஷாயத்தோடு நிற்காமல் பிள்ளையை மகளிர் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். “கல்யாணம் ஆனா சரியாயிடும்” என்று சொல்லி அனுப்புவது வைத்தியம் ஆகாது.