சாக்கடைக் கரப்பானை வீட்டுக்குள் வரவிடாமல் தடுப்பது

முதலில் எந்தக் கரப்பான் என்று பாருங்கள். ஒன்றரை அங்குல நீளம், செம்பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் உள்ள கவசத்தின் ஓரத்தில் மஞ்சள் வளையம் என்றால் அதுதான் சாக்கடையிலிருந்து வரும் அமெரிக்கக் கரப்பான். பெயர்தான் அப்படி, பூர்வீகம் ஆப்பிரிக்கா. கப்பலேறிப் போய் வெப்பநாடுகள் முழுக்கக் குடியேறிவிட்டது. அரை அங்குலமே இருந்து, கழுத்தில் இரண்டு கரும்பட்டைகள் தெரிந்தால் அது ஜெர்மன் கரப்பான். அது மிக்சிக்கு அடியிலும் அலமாரிக் கீல்களிலும் குடும்பம் நடத்துவது. அதற்கான வைத்தியம் வேறு.

அமெரிக்கக் கரப்பானுக்குக் கதகதப்பும் ஈரமும் இருட்டும் ஒருசேர வேண்டும். செப்டிக் டேங்க், கழிவுநீர் சேம்பர், பாதாளச் சாக்கடை ஆகியவற்றில் இந்த மூன்றும் உண்டு. வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் இரை தேடித்தான். அதனால் உள்ளே மட்டும் ஸ்ப்ரே அடித்தால் அன்று வந்தவை சாகும், மறுநாள் வேறு வரும். வழியை அடைத்த பிறகுதான் மருந்து. வரிசையை மாற்றினால் மருந்துக் காசு வீண்.

வழியைக் கண்டுபிடிக்க, மருந்துக்கடையிலோ பல்பொருள் அங்காடியிலோ கிடைக்கும் ஒட்டும் அட்டைகளைக் குளியலறை, சிங்க்கின் அடி, பரண், வாஷிங் மெஷினின் பின்புறம் என்று சுவரை ஒட்டி வைத்து மூன்று இரவு விடுங்கள். எங்கே அதிகம் ஒட்டுகிறதோ அதற்குப் பக்கத்தில்தான் ஓட்டை. இறக்கை முளைக்காத சின்னக் குஞ்சுகள் நிறைய மாட்டினால் அவை வீட்டுக்குள்ளேயே பொரிக்கின்றன என்று பொருள். அப்போது பரணையும் அட்டைப்பெட்டிகளையும் காலி செய்யாமல் வேறெதுவும் பலிக்காது. முட்டைக்கூடு சுமார் 8 மி.மீ. நீளத்தில், கரும்பழுப்பாக, அட்டை மடிப்பிலும் மரச்சட்ட இடுக்கிலும் ஒட்டியிருக்கும். ஒன்றுக்குள் 14 முதல் 16 முட்டைகள். குப்பையில் அப்படியே போட்டால் அங்கேயும் பொரிக்கும், நசுக்கிவிட்டுப் போடுங்கள்.

இனி அடைக்கும் வேலை. குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் துளைக்குள் இருக்கும் நஹானி டிராப்பில் (தண்ணீர் தேங்கி நிற்கும் கிண்ணம் போன்ற அமைப்பு) சுமார் 50 மி.மீ. தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் கதவு. புழங்காத குளியலறையில் தண்ணீர் ஆவியாகி வற்றியதும் கதவு திறந்துகொள்கிறது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் வீடு கரப்பானாகக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். வாரத்துக்கு இரண்டு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். நீண்ட நாள் பூட்டுவதாக இருந்தால் அதன்மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் வற்றுவது தாமதமாகும். தண்ணீர் வேகமாக இறங்கட்டும் என்று டிராப்பின் உள்கிண்ணத்தைக் கழற்றி எறிந்த வீடுகள் ஏராளம். அதை வாங்கி மறுபடி பொருத்தாமல் எந்த மருந்தும் உதவாது.

அடுத்து வாஷ்பேசின். அதன் வளையும் குழாய் சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ நுழையும் இடத்தில் பெரும்பாலும் விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டிருப்பார்கள். வளர்ந்த கரப்பானுக்கு 3 மி.மீ. இடுக்கே போதும், உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு நுழைந்துவிடும். ரப்பர் வளையம் போட்டு, சுற்றிலும் எம்-சீலோ வெள்ளை சிமென்ட்டோ பூசுங்கள். துணியோ பேப்பரோ திணிக்க வேண்டாம். ஈரம் ஏறி அதுவே கூடாகிவிடும்.

வெளியே செப்டிக் டேங்க்கின் காற்றுக்குழாய் வாயில் துருப்பிடிக்காத கம்பி வலை கட்டுங்கள். நைலான் கொசுவலை வெயிலில் பொடிந்துவிடும். குழாயையே மூடிவிடாதீர்கள், வாயு வெளியேற வேண்டும். சேம்பர் மூடியின் விளிம்பை சிமென்ட் 1, மணல் 8 என்ற மெலிந்த கலவையால் பூசினால், பிறகு அடைப்பெடுக்கும்போது உடைத்துத் திறக்க எளிது.

இதெல்லாம் முடிந்த பின் மருந்து. ஊசிக்குழலில் வரும் இமிடாகுளோப்ரிட் 2.15 சதவீத ஜெல்லை மிளகளவு சொட்டுகளாக சிங்க்கின் அடி, கதவு நிலை இடுக்கு, பரண் மூலை ஆகிய இடங்களில் வையுங்கள். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரேயோ பினாயிலோ பட்டால் கரப்பான் அதைத் தொடாது. எத்தனையோ பேர் ‘ஜெல் வேலை செய்யவில்லை’ என்பதன் காரணம் இதுவே. கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரும் நல்ல மருந்துதான், ஆனால் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் அளவே தூவ வேண்டும். குவித்து வைத்தால் பூச்சி சுற்றிப் போய்விடும். நனைந்தால் கட்டியாகிப் பயனற்றுப்போகும். பிள்ளைகள், நாய், பூனை எட்டும் இடத்தில் இரண்டுமே கூடாது.

செப்டிக் டேங்க்கில் மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ ஊற்றுவது இரட்டை நஷ்டம். கழிவை மக்கச்செய்யும் பாக்டீரியா சாகும். அங்கிருக்கும் கரப்பான்கள் குழாய் வழியே மேலேறி வீட்டுக்குள் வரும்.

குளியலறைச் சுவரில் சின்னக் கருங்குளவி ஒன்று, வயிற்றைக் கொடிபோல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நடந்தால் அடிக்காதீர்கள். கரப்பானின் முட்டைக்கூட்டுக்குள் முட்டையிடும் குளவி அது. அதன் புழு உள்ளே இருப்பதைத் தின்று தீர்க்கும். ஆனால் அது வந்திருக்கிறது என்றாலே அருகில் எங்கோ முட்டைக்கூடுகள் இருக்கின்றன, தேடுங்கள்.

முட்டை பொரிக்க ஒரு மாதத்துக்கு மேலாகும். உறைக்குள் இருப்பதை மருந்து எட்டாது. ஆறு வாரம் கழித்துக் காய்ந்த ஜெல்லைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்து, ஒட்டும் அட்டையையும் மறுபடி மூன்று இரவு போடுங்கள். அடுக்குமாடியில் அப்போதும் பெரியவை மாட்டினால், குழாய்கள் இறங்கும் ஷாஃப்ட்டின் பக்கத்து ஜன்னலையும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையையும் பாருங்கள். கோடை இரவில் அவை பறந்தும் வரும்.