ஐரிஷ் ஜனவரி 6: எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

அயர்லாந்தில் கிறிஸ்துமஸ் காலம் முடிவது ஜனவரி 6-இல், குழந்தை இயேசுவை ஞானிகள் கண்டு வணங்கியதை நினைவுகூரும் திருக்காட்சித் திருநாளன்று. அதைச் சின்னக் கிறிஸ்துமஸ் என்பார்கள். பெண்கள் கிறிஸ்துமஸ் என்றும் சொல்வார்கள். இரண்டாவது பெயரைக் கேட்டதுமே மகளிர் தினத்தின் ஐரிஷ் வடிவம் என்று எழுதிவிடுகிறோம். முதல் சறுக்கல் அங்கேதான்.

உரிமைப் போராட்டத்திலிருந்து வந்த நாளல்ல அது. பன்னிரண்டு நாளாகச் சமைத்து, விருந்தாளிகளைக் கவனித்து, பாத்திரம் கழுவி ஓய்ந்துபோன பெண்களுக்கான நாள். அன்று அடுப்படி ஆண்கள் பொறுப்பு. பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய், தேநீரும் உலர்திராட்சை கேக்குமாக உட்கார்ந்து கதை பேசுவார்கள். பண்ணை வீடுகளில் முட்டையும் கோழியும் விற்ற காசு பெண்கள் கையில்தான் இருக்கும். அன்றைய செலவு அதிலிருந்து. பெரிய கிறிஸ்துமஸுக்கு மாட்டிறைச்சியும் விஸ்கியும் என்றால் சின்னதற்கு இப்படி. இதைச் சமத்துவம் என்று சிலர் மெச்சும்போது எனக்குச் சிரிப்பு வரும். மிச்ச 364 நாளும் யார் சமைத்தார்கள் என்பதையும் அந்த வழக்கமேதான் சொல்லிவிடுகிறதே!

‘அயர்லாந்து முழுக்க’ என்றும் எழுத வேண்டாம். கார்க், கெர்ரி போன்ற தெற்கு, மேற்குப் பகுதிகளில்தான் அது விடாமல் வேரூன்றி இருந்தது. மற்ற இடங்களில் இன்று தோழிகள் கூடிக் கொண்டாடுவது பெரும்பாலும் அண்மைக் காலப் புத்துயிர்ப்பு. அயர்லாந்தின் பாதுகாவலரான பெண் புனிதர் பிரிஜித்துக்குப் பிப்ரவரி தொடக்கத்தில் வரும் நாளோடும் இதைக் குழப்புகிறார்கள். 2023 முதல் அரசு விடுமுறை கிடைத்தது அதற்குத்தான், ஜனவரி 6-க்கு இல்லை.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரிஷ் மொழியில் அந்நாளின் பெயர் ஏறக்குறைய ‘நொல்லிக் ந மன்’. ‘பெண்களின்’ என்று பொருள்படும் ‘பன்’, முன்னால் ‘ந’ வந்ததும் ‘மன்’ ஆகிவிடும். எழுத்தில் இரண்டு மெய்களும் இருக்கும், ஒலிப்பது ஒன்றுதான். புணர்ச்சி விதி படித்த நமக்கு இது புதிதல்ல. ஆனாலும் ‘ம்பன்’ என்றே எழுதிவைக்கிறோம்.

அடுத்தது நாட்காட்டி. ‘1752-இல் ஜூலியன் நாட்காட்டியை விட்டு கிரிகோரியனுக்கு மாறியதில் 11 நாள் விடுபட்டது, பழைய கிறிஸ்துமஸே ஜனவரி 6-இல் தங்கிவிட்டது’ என்பது பலரும் சொல்லும் விளக்கம். கேட்க அழகாக இருக்கிறது, கணக்குத்தான் உதைக்கிறது. பழைய டிசம்பர் 25-உடன் 11 நாளைக் கூட்டினால் வருவது ஜனவரி 5. அதைவிட முக்கியம், திருக்காட்சித் திருநாள் நாட்காட்டி மாறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தது. வெஸ்ட்மீத் பகுதியின் வழக்கங்களை 1682-இல் எழுதிய ஹென்றி பியர்ஸ், அந்தத் திருநாளின் முந்தின இரவைப் பற்றிச் சொல்கிறார்: ஓட்ஸ் நிரப்பிய சல்லடையை உயரத்தில் வைத்து, சுற்றிலும் 12 மெழுகுவத்தி, நடுவில் பெரிதாக ஒன்று. திருத்தூதர்களும் கிறிஸ்துவுமாம். மாற்றத்துக்கு 70 ஆண்டு முன்பே இத்தனை நடந்திருக்கிறது.

இந்த மெழுகுவத்திகளை வெறும் அலங்காரமாக வருணிப்பதும் பிழைதான். சில வீடுகளில் ஒவ்வொன்றுக்கும் குடும்பத்தில் ஒருவர் பெயரை வைப்பார்கள். எது முதலில் அணைகிறதோ அவர்தான் முதலில் இறப்பார் என்று நம்பிக்கை. சுடரையே பார்த்துக்கொண்டிருந்த அந்த வீட்டில் என்ன குதூகலம் இருந்திருக்கும்? அன்றிரவு தண்ணீர் திராட்சை மதுவாகும், கோரை பட்டாகும், சரளைக்கல் பொன்னாகும் என்றும் ஒரு சொல்வழக்கு உண்டு. இதை மட்டும் எடுத்துப் போட்டால் பாதிக் கதை. அதைப் பார்க்கக் கிணற்றடிக்குப் போகக் கூடாது என்ற எச்சரிக்கைதான் மறுபாதி.

1839-இல் இதே ஜனவரி 6 இரவில் வீசிய புயலை அயர்லாந்து ‘பெருங்காற்று இரவு’ என்று நினைவு வைத்திருக்கிறது. அதையும் மரபுப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். மரபல்ல, பேரிடர், தேதி ஒன்றாக அமைந்தது, அவ்வளவுதான். ஆனால் நினைவு அழுத்தமாகப் பதிந்திருந்தது. 1909-இல் 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தபோது பலரிடம் பிறப்புச் சான்று இல்லை. அங்கே எல்லாருக்குமான பிறப்புப் பதிவு தொடங்கியதே 1864-இல். ‘பெருங்காற்று எனக்கு நினைவிருக்கிறது’ என்பதே வயதுக்குச் சான்றானது.

கடைசியாக, அலங்காரங்கள். 5-ஆம் தேதி இரவே இறக்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் பலர் சொல்லும் கணக்கு. ஐரிஷ் வீடுகளில் 6-ஆம் தேதிக்கு முன் கை வைத்தால் ஆகாது, அதற்குப் பிறகும் தொங்கவிடக் கூடாது. இறக்கிய ஹாலி இலைகள் எல்லா வீட்டிலும் குப்பைக்குப் போய்விடவில்லை. காய்ந்த கொத்தை எடுத்துவைத்து, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் பிறப்பதற்கு முந்தின செவ்வாயன்று பான்கேக் சுடும் அடுப்பில் போட்டு எரித்தவர்களும் உண்டு.