தெரிந்த பாடத்துக்கும் பூஜ்யம்: மின் பயிற்சிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறாம் வகுப்பு அறிவியலுக்கு ஒரு கணினிப் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் விலங்குகளின் படங்கள், வலப்பக்கம் வாழிடங்கள். படத்தை இழுத்துக்கொண்டுபோய் உரிய கட்டத்தில் விட வேண்டும். சரியாக இருந்தால் கட்டம் பச்சையாகும், தவறானால் சிவப்பாகும். மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஆசிரியர்கள் ஆசையாகச் செய்கிற பயிற்சி இது, பிள்ளைகளும் விரும்பி விளையாடுவார்கள். ஆனால் ஒட்டகம் எங்கே வாழ்கிறது என்று நன்றாகத் தெரிந்த ஒரு பிள்ளையும் இதில் பூஜ்யம் வாங்கலாம். கண் தெரியாமல் இருக்கலாம், கை நடுங்கலாம், சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியலாம், எழுத்துக்கூட்டி மெதுவாக வாசிக்கிற பிள்ளையாக இருக்கலாம். அந்தப் பூஜ்யத்துக்கும் அறிவியல் பாடத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பெரும்பாலான தவறுகள் ஓரிடத்திலிருந்துதான் கிளைக்கின்றன. மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் முன்பே, டிராக் அண்ட் டிராப் போடலாமா, மெமரி கேம் போடலாமா என்று கருவியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். விலங்கையும் வாழிடத்தையும் பொருத்தத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி என்றால், மவுஸை அழுத்திப் பிடித்தபடி நகர்த்தும் திறமைக்கு அங்கே என்ன வேலை? ஒவ்வொரு விலங்குக்கும் கீழே நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாலே போதும், அதே அறிவு சோதிக்கப்பட்டுவிடும். கீபோர்டிலும் வேலை செய்யும், திரையில் உள்ளதைப் பார்வையற்றவருக்குக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளிலும் வேலை செய்யும், விரிசல் விட்ட பழைய போன் திரையிலும் வேலை செய்யும். இழுத்துவிடும் முறையைக் கைவிட மனமில்லை என்றால் இரண்டு வழியையும் வையுங்கள். இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழிசொல்லும் இணைய அணுகல்தன்மை நெறிமுறைகளின் (WCAG) 2.2 பதிப்பு, 2023 அக்டோபரில் வெளியானது, கேட்பதும் இதைத்தான்: இழுத்துச் செய்கிற எதையும், இழுக்காமல் தொட்டும் செய்ய முடிய வேண்டும்.

சோதிப்பது எளிது. மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப், எண்டர், ஸ்பேஸ், அம்புக்குறி விசைகளை மட்டும் வைத்துப் பயிற்சியை முடித்துப் பாருங்கள். எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்பது திரையில் தெரியாமல் போனாலோ, ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் போனாலோ, உங்கள் மாணவருக்கும் அதே கதிதான்.

கடிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வேகமாக அழுத்துபவருக்குக் கூடுதல் புள்ளி தரும் வினாடி வினாக்களை எல்லா வகுப்பிலும் வைக்கிறோம். எழுதுவதில் தடை உள்ள மாற்றுத்திறனாளித் தேர்வர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்று மத்திய அரசு 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் சொன்னது. தேர்வறையில் இந்த உரிமை உள்ள பிள்ளைக்கு, அன்றாட வகுப்பில் மட்டும் 20 விநாடியில் கேள்வியைப் பிடுங்கிக்கொள்வது என்ன நியாயம்? வேகமே பாடமாக இல்லாத இடத்தில் கடிகாரத்தை அணைத்து வைப்பதே முறை. அணைக்க முடியாவிட்டால் நேரத்தை நீட்டிக்கவாவது வழி இருக்க வேண்டும்.

நிறத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பச்சையோடு ‘சரி’ என்றும் சிவப்போடு ‘மீண்டும் முயல்க’ என்றும் எழுதிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். வெள்ளையில் மஞ்சள் எழுத்து அதன் பக்கத்தில்கூட வராது. போனைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி ஒருமுறை பாருங்கள்.

தமிழில் பாடம் தயாரிப்பவர்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரியது அதுதான். ‘தமிழ்’ என்று பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தால் திரையில் அழகாகத் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். திரைவாசிப்பான் எழுத்துருவின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் குறியீட்டைத்தான் படிக்கும். பார்வையற்ற மாணவரின் காதில் விழுவது பொருளற்ற ஆங்கில ஒலிகள். தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு தரும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது 2010இல். ஆனாலும் பழைய எழுத்துருக்களில் அடித்த வினாத்தாள்களும் குறிப்புகளும் பிடிஎஃப் ஆகி இன்றும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. புத்தகப் பக்கத்தைப் போனில் படமெடுத்துப் பிடிஎஃப் ஆக்கினால் நிலைமை இன்னும் மோசம், அதில் படிக்க எழுத்தே இல்லை.

யூனிகோடில் அடித்தாலும் பிடிஎஃப் ஆக மாறும்போது கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறுவதுண்டு. அதனால் கோப்பை அனுப்பும் முன் ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே தமிழ் தமிழாக வந்தால் திரைவாசிப்பானுக்கும் வரும் என்று பெரும்பாலும் நம்பலாம். சொல்லாக்க விளையாட்டுகளிலும் கவனம் வேண்டும். ‘கோழி’ என்ற சொல்லை எழுத்து எழுத்தாகக் கலைக்கச் சொன்னால், ஆங்கிலத்துக்கென்று எழுதப்பட்ட நிரல்கள் பல ககரத்தை ஒரு கட்டத்திலும் அதன் உயிர்க்குறியை இன்னொரு கட்டத்திலும் போட்டுவிடும். அப்படி ஓர் எழுத்தை எந்தப் பிள்ளையும் படித்ததில்லை. பக்கத்தின் மொழி ‘தமிழ்’ என்று அமைப்பில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பல திரைவாசிப்பான்கள் எந்த மொழிக் குரலில் படிப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கின்றன.

படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் விளக்கம், எழுதுவதில் இரண்டு விதமாகத் தவறுகிறோம். ‘படம் 3’ என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். ‘இது எந்த விலங்கு?’ என்று கேட்டுவிட்டு மாற்று உரையில் ‘ஒட்டகம்’ என்று போட்டால் விடையையே கொடுத்துவிட்டோம். ‘முதுகில் ஒரு திமில், நீண்ட கழுத்து, அகன்ற பாதங்கள்’ என்று எழுதினால் கேட்பவரும் யோசித்து விடை சொல்லலாம். வாழிடம் பற்றிய கேள்வியில் அதே படத்துக்கு ‘ஒட்டகம்’ என்ற ஒரு சொல்லே போதும். வெறும் அலங்காரப் படமென்றால் அதை அலங்காரம் என்று குறித்துவிடுங்கள், திரைவாசிப்பான் தாண்டிப் போய்விடும்.

காணொளிகளுக்குத் தானாக உருவாகும் வசனவரிகளைத் திருத்தாமல் விடாதீர்கள். கலைச்சொற்களும் பெயர்களும்தான் அதில் முதலில் சிதைகின்றன. ‘இதை இங்கே சேர்த்தால் இப்படி ஆகும்’ என்று பேசுவது பார்வையற்றவருக்கு எதையும் சொல்லாது. ‘நீல லிட்மஸ் தாளை எலுமிச்சைச் சாற்றில் நனைத்தால் சிவப்பாகிறது’ என்றால் பார்க்க முடியாதவருக்கும் புரியும், போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்பவருக்கும் புரியும். பயிற்சி திறந்ததுமே தானாகப் பாட்டு ஒலிக்கவிடுவதும் கூடாது. திரைவாசிப்பானின் குரல் அதில் அமுங்கிவிடும்.

மாற்றுத்திறன் மாணவருக்கென்று தனிப் பதிப்பு செய்துவிடலாமே என்று நல்லெண்ணத்தோடு சிலர் கேட்பார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. முதன்மைப் பதிப்பில் பிழை திருத்துவார்கள், புதுக் கேள்வி சேர்ப்பார்கள். தனிப் பதிப்பு போன வருடத்திலேயே நின்றுவிடும். அந்த மாணவரும் குழுவோடு சேராமல் ஓரமாகத் தனியே உட்கார வேண்டியிருக்கும்.

அணுகல்தன்மையைச் சரிபார்க்கும் தானியங்கிச் சோதனைக் கருவி பச்சைக் குறி காட்டியதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதும் தவறே. மாற்று உரை இருக்கிறதா என்று கருவி பார்க்கும், அது பொருத்தமானதா என்பதை மனிதர்தான் பார்க்க வேண்டும். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். மைக்கேல் கரன், ஜேம்ஸ் தே என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் வளர்த்தெடுத்தது, தமிழையும் படிக்கும். ஆண்ட்ராய்டு போன்களில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அதை இயக்கி, திரையைப் பார்க்காமல், உங்கள் பயிற்சியின் முதல் மூன்று கேள்விகளுக்கு விடையளித்துப் பாருங்கள். அதன் பிறகு அன்றாடம் அதைப் பயன்படுத்தும் ஒரு மாணவரிடம் கொடுங்கள். பழகிய கைக்கும் உங்கள் கைக்கும் நிறைய வேறுபாடு உண்டு.

ஏற்கெனவே செய்து குவித்த பயிற்சிகளை என்ன செய்வது? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்த உட்கார வேண்டாம். அடுத்த வாரம் வகுப்புக்குப் போகும் பயிற்சி எதுவோ அதை எடுங்கள். முதலில் எழுத்தை யூனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகு கடிகாரத்தை அணையுங்கள், பிறகு மவுஸ் இல்லாமல் முடித்துப் பாருங்கள். மாற்று உரையும் வசனவரியும் அடுத்தடுத்து வரட்டும். புதிதாகச் செய்யும் பயிற்சிகளில் மட்டும் இவை எல்லாமே முதல் நாளிலிருந்து இருக்கட்டும்.