எந்த மாநிலத்தில் என்ன கம்பெனி? 21 எழுத்தை வெட்டி நீங்களே எண்ணிப் பார்க்கலாம்

இந்தியாவில் பதிவான கம்பெனிகள் எந்த மாநிலத்தில் எவ்வளவு, எந்தத் தொழிலில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள யாருக்கும் காசு கொடுத்து ரிப்போர்ட் வாங்க வேண்டியதில்லை. கம்பெனி விவகார அமைச்சகத்தின் பட்டியல் மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 'கம்பெனி மாஸ்டர் டேட்டா' என்று தேடுங்கள். எண்ணுவது சுலபம், வந்த எண்ணிக்கையை நம்பலாமா என்று பார்ப்பதில்தான் பாதி நாள் போகும். அதனால் கோப்பை இறக்குவது, பிவட் டேபிள் (வரிசை, பத்தி வாரியாக எண்ணிக் காட்டும் அட்டவணை) போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

படி 1: கருவி

ஒரு மாநிலம் மட்டும் என்றால் எக்செல் போதும். நாடு முழுக்க என்றால் எக்செல்லை மறந்துவிடுங்கள். அதில் ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிசைகள்தான், பட்டியலில் இருப்பதோ மூடப்பட்டவற்றையும் சேர்த்து 25 லட்சத்துக்கு மேல். லிப்ரே ஆபீஸிலும் வழக்கமாக இதே வரம்புதான். நான் பயன்படுத்துவது டக்டிபி என்ற இலவச தரவுத்தள மென்பொருள். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) அப்படியே வாசிக்கும், பழைய லேப்டாப்பிலும் திணறாது. பைத்தான் நிரல்மொழி பழகியவர்கள் அதன் பாண்டாஸ் தொகுப்பில் செய்யலாம், ஆனால் இதற்காகப் புதிதாக பைத்தான் கற்க வேண்டாம்.

படி 2: இறந்தவற்றைக் கழிப்பது

நிலை என்ற பத்தியில் 'ஆக்டிவ்' என்று இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 248-வது பிரிவின் கீழ் 2017–18 நிதியாண்டில் மட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். அவையெல்லாம் இன்னும் பட்டியலில் உட்கார்ந்திருக்கின்றன.

படி 3: சிஐஎன் எண்ணை வெட்டுவது

ஒவ்வொரு கம்பெனிக்கும் 21 எழுத்துகள் கொண்ட சிஐஎன், அதாவது கம்பெனி அடையாள எண் உண்டு. முதல் எழுத்து எல் என்றால் பங்குச் சந்தையில் இருக்கிறது, யு என்றால் இல்லை. அடுத்த 5 இலக்கம் தொழில். அடுத்த 2 எழுத்து மாநிலம். அடுத்த 4 பதிவான வருடம். அடுத்த 3 எழுத்து பிரைவேட்டா, பப்ளிக்கா, அரசு கம்பெனியா என்பது. கடைசி 6 இலக்கம் பதிவு எண்.

எக்செல்லில் மிட் ஃபார்முலா போட்டு 2-வது எழுத்திலிருந்து 5 எழுத்தை எடுத்தால் தொழில், 7-லிருந்து 2 எடுத்தால் மாநிலம். பைத்தானில் எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்கும், ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டி எடுத்த தொழில் எண்ணைக் கடைசிவரை எழுத்தாகவே (டெக்ஸ்ட்) வைத்திருங்கள். எண்ணாக மாறினால், அல்லது சிஎஸ்வியாகச் சேமித்து எக்செல்லில் மறுபடி திறந்தால், முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் போய்விடும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக் கம்பெனிகளின் எண் 01132 என்று இருக்கும், பூஜ்ஜியம் போனால் 1132. முதல் இரண்டு இலக்கத்தை எடுத்தால் 11, அதாவது பழைய வகைப்பாட்டில் கச்சா எண்ணெய் எடுப்பு! அஸ்ஸாமில் நிஜமாகவே எண்ணெய்க் கிணறுகள் இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

படி 4: எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம்

தொழில் எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைத் தேசியத் தொழில் வகைப்பாட்டோடு (எந்த எண் எந்தத் தொழில் என்று சொல்லும் அரசுப் பட்டியல்) ஒப்பிட்டால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் எந்த வருடத்து வகைப்பாடு? 2004 பதிப்பு ஒன்று, 2008 பதிப்பு ஒன்று, இரண்டிலும் ஒரே எண்ணுக்கு வேறு வேறு தொழில். இணையத்தில் தேடினால் முதலில் வருவது 2008 பட்டியல், பதிவேட்டில் பெரும்பகுதி 2004 எண்கள்.

இண்டிகோ விமான கம்பெனியின் எண் 62100. 2004-ல் 62 என்றால் விமானப் போக்குவரத்து, சரியாக இருக்கிறது. 2008-ல் 62 என்றால் கம்ப்யூட்டர் புரோகிராமிங். அதேபோல 2004-ல் 72 கம்ப்யூட்டர் தொழில், 2008-ல் அது அறிவியல் ஆராய்ச்சி. 45 முன்பு கட்டுமானம், பின்பு வண்டி விற்பனையும் பழுதுபார்ப்பும். 2008 பட்டியலை மட்டும் வைத்து எண்ணினால் பெங்களூரில் திடீரென்று ஆயிரக்கணக்கில் ஆராய்ச்சி நிலையங்கள் முளைத்துவிடும்.

இதற்கு நான் செய்வது: பதிவான வருடத்தை வரிசையிலும் தொழிலின் முதல் இரண்டு இலக்கத்தைப் பத்தியிலும் வைத்து ஒரு பிவட் போடுவேன். மென்பொருள் 72-லிருந்து 62-க்கும், மொத்த வியாபாரம் 51-லிருந்து 46-க்கும், சில்லறை 52-லிருந்து 47-க்கும் எந்த வருடத்தில் தாவுகிறது என்று கண்ணுக்கே தெரியும். அந்த வருடத்துக்கு முன்னால் பதிவானவற்றுக்கு 2004, பின்னால் பதிவானவற்றுக்கு 2008. தாவும் வருடத்தில் இரண்டும் கலந்திருக்கும், அதைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் செய்த பிறகும் சில பெரிய பெயர்கள் எந்தப் பதிப்பிலும் பொருந்தாது. இன்ஃபோசிஸ் எண் 85110. 2004-ல் 85 என்றால் மருத்துவமும் சமூகப் பணியும், 2008-ல் கல்வி. டிசிஎஸ் 22210, ஒன்றில் அச்சுத்தொழில், இன்னொன்றில் ரப்பர், பிளாஸ்டிக். பஜாஜ் ஆட்டோ 65993, பழைய பட்டியலில் நிதித்துறை. ரிலையன்ஸ் 17110, ஜவுளி. அது ஜவுளியில் தொடங்கிய கம்பெனி என்பதால் அன்றைக்குச் சரிதான், பிறகு தொழில் மாறியது, எண் மாறவில்லை.

அதனால் கம்பெனிகளின் தலையை மட்டும் எண்ணுங்கள். முதலீட்டுத் தொகையைத் தொழில்வாரியாகக் கூட்டாதீர்கள், ரிலையன்ஸ் ஒன்றே ஜவுளித்துறையை வானத்துக்குத் தூக்கிவிடும். ஐந்து இலக்கம்வரை நோண்டுவதும் வீண். விவசாயம், உற்பத்தி, கட்டுமானம், வியாபாரம், நிதி, மற்ற சேவைகள் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதுதான் என் பழக்கம். கோப்பில் தொழிலின் பெயரை வார்த்தையில் சொல்லும் பத்தியும் இருக்கிறது, எண்ணோடு ஒப்பிடாமல் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 5: மாநிலம்

தமிழ்நாடு என்று டிஎன் போட்டவற்றை மட்டும் எண்ணினால் கொங்கு மண்டலமே காணாமல் போகும். தமிழ்நாட்டுக்கு நிறுவனப் பதிவாளர் அலுவலகம் சென்னையில் ஒன்று, கோயம்புத்தூரில் ஒன்று. கோவை அலுவலகத்தில் பதிவானவற்றுக்கு டிஎன் கிடையாது, டிஇசட். எல்எம்டபிள்யூ (பழைய பெயர் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ்), கேபிஆர் மில் எல்லாம் அதில்தான் வரும். பஞ்சாலையும் பம்பு செட்டும் இல்லாத தமிழ்நாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மகாராஷ்டிராவிலும் இதே கதை, புனே அலுவலகத்துக்கு பிஎன். பஜாஜ் ஆட்டோ அதில்தான் இருக்கிறது.

பதிவு அலுவலகம் வேறு மாநிலம் போனாலோ மாநிலமே பிரிந்தாலோ எழுத்து மாறும், வருடம் மாறாது. டாக்டர் ரெட்டீஸின் எண்ணில் தெலங்கானா என்றும் 1984 என்றும் சேர்ந்தே இருக்கும். மாநிலம் பிறந்ததோ 2014-ல். வருடவாரி வரைபடம் போடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவும்.

எண்ணிக்கையில் மகாராஷ்டிரா முதலிடம், அடுத்து டெல்லி. 2011 கணக்கெடுப்பில் மகாராஷ்டிராவின் மக்கள்தொகை 11.24 கோடி, டெல்லியின் மக்கள்தொகை 1.68 கோடி. டெல்லியில் அவ்வளவு ஆலைகளா என்று கேட்காதீர்கள், இது பதிவு அலுவலகம் இருக்கும் இடம் மட்டுமே. ரிலையன்ஸின் சுத்திகரிப்பு ஆலை குஜராத்தின் ஜாம்நகரில், பதிவு மும்பையில். வேலை எங்கே நடக்கிறது என்பதற்கு இந்தப் பட்டியல் பதில் சொல்லாது.

பின்னால் சேர்த்தது: திருப்பூர் பனியன் கம்பெனிகள் இவ்வளவுதானா என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே பலவும் கூட்டாண்மை (பார்ட்னர்ஷிப்) நிறுவனமாகவோ தனி உரிமையாளர் பெயரிலோ நடப்பவை. அவற்றுக்குக் கம்பெனி என்று பெயர்ப்பலகை இருந்தாலும் இந்தப் பதிவேட்டில் வராது. எல்எல்பிகளுக்கும் (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மைகள்) சிஐஎன் கிடையாது, அவற்றின் எண்ணில் தொழிலும் மாநிலமும் இருக்காது. சிறு நிறுவனங்களுக்கு 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) பதிவைப் பாருங்கள், அந்த எண்ணிலேயே மாநிலமும் மாவட்டமும் இருக்கும்.

இன்னொன்று: மாவட்டவாரியாக வேண்டும் என்றவர்களுக்கு, முகவரியின் கடைசியில் இருக்கும் பின்கோடை எடுங்கள். முதல் மூன்று இலக்கத்தோடு நிறுத்தினால் கோவையும் திருப்பூரும் 641 என்று ஒன்றாகிவிடும், 605-ல் புதுச்சேரியும் விழுப்புரமும் கலக்கும். ஆறு இலக்கத்தையும் எடுத்து, அதே அரசுத் தளத்தில் இருக்கும் அஞ்சல் துறையின் பின்கோடு பட்டியலோடு இணையுங்கள். 641001 கோவை, 641601 திருப்பூர். சில முகவரிகளில் பின்கோடின் நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள், இணைப்பதற்கு முன்னால் அதை நீக்கிவிடுங்கள்.